‘சாரி ஃபார் யூ’வும் அஸ்தம்பட்டி மாடி வகுப்பும்

ஏற்காட்டில் ஐந்து அறை உள்ள ஒரு ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளியம்மா பெங்களூரில் இருக்கிறார். சாவி, சமையல் சாமான், கீசர், வருகிற விருந்தாளி, விருந்தாளி கூட்டிவரும் நாய் எல்லாம் என் பொறுப்பு. தங்கிவிட்டுப் போனவர்கள் இணையத்தில் எழுதுவதற்குப் பதில் எழுதுவதும் நான்தான். அங்கேதான் மாட்டினேன்.

போன டிசம்பரில் 3ஆம் நம்பர் அறையில் கீசர் படுத்துவிட்டது. மார்கழிக் குளிரில் ஒரு குடும்பம் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு இறங்கிப் போனது. ஊர் போய்ச் சேர்ந்ததும் மூன்று நட்சத்திரம் போட்டுக் குறை எழுதினார்கள். நியாயமான குறை. நான் மனசார வருத்தப்பட்டு, ‘வீ ஆர் சாரி ஃபார் யூ’ என்று பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று நட்சத்திரம் ஒன்றாக இறங்கியது. முதலாளியம்மா போன் போட்டார். “என்ன இப்படி எழுதி வெச்சிருக்கே? ‘உங்களைப் பாத்தா பரிதாபமா இருக்கு’ன்னு அர்த்தம் வருது. பணம் குடுத்துத் தங்கினவங்களைப் பாத்து நீ பரிதாபப்படறியா?”

சாரி சரியான சொல். யூவும் சரியான சொல். நடுவில் இருந்த மூன்றெழுத்து காலை வாரிவிட்டது. ‘சாரி அபவுட் தி கீசர்’ என்று எழுதியிருந்தால் வம்பில்லை. ‘சாரி ஃபார் தி டிரபிள்’ என்றாலும் சரிதான். ஃபாருக்குப் பின்னால் தப்பு வந்தால் மன்னிப்பு, ஆள் வந்தால் பரிதாபம். பத்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவள் நான். ஒருத்தரும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த வாரமே இங்கிலீஷ் வகுப்பு தேட ஆரம்பித்தேன். முதலில் போனது சேலத்தில் ஏசி போட்ட ஒரு பயிற்சி மையம். பேர் வேண்டாம். 6,500 ரூபாய் கட்டினேன். வழவழ தாளில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் இருநூறு சொல்லும் அதற்கு ஒட்டும் சின்னச் சொல்லும் வரிசையாக இருக்கும். ‘அஃப்ரைட் ஆஃப், ஆங்ரி வித், அவேர் ஆஃப்’ என்று வாய்ப்பாடு போலக் கத்த வேண்டும். சனிக்கிழமை தேர்வில் 50க்கு 46 வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு பஸ் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவிலும் வளைவுக்குப் பத்து சொல் வீதம் கொட்டிக்கொண்டே போய், ஏரி முக்குக்கு வந்து சேரும்போது கை காலி. சான்றிதழ் மட்டும் இருக்கிறது. லேமினேட் செய்து கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சேலம் அஸ்தம்பட்டியில் கிடைத்ததுதான் இந்த மாடி வகுப்பு. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. வாத்தியார் தன் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. ஞாயிறு மதியம் 3 மணி முதல் 5 மணி வரை, எட்டு வாரம், 1,600 ரூபாய். கணக்குப் போட்டால் மணிக்கு 100 ரூபாய். ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ் அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகும் என்பதால் எனக்கு வசதி. தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் ஆங்கிலம் எம்.ஏ. முடித்து, இரண்டையும் நடத்தி ஓய்வு பெற்றவர். வகுப்பு வித்தியாசமாக இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் ‘பாம்பு’ என்றும் ‘பயம்’ என்றும் இடைவெளி விட்டு எழுதினார். “இங்கிலீஷை விடுங்க. நடுவுல தமிழ்ல என்ன போடுவீங்க?”

நான் ‘பாம்புக்குப் பயம்’ என்றேன். அம்மாப்பேட்டையிலிருந்து வரும் வங்கித் தேர்வுப் பெண் ‘பாம்புன்னா பயம்’ என்றாள். சேகோ மில்லில் கணக்கு எழுதும் தம்பி ‘பாம்பைப் பாத்தா பயம்’ என்றான். வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதப் போகும் நர்ஸ் ஒருத்தி, ‘பாம்புகிட்ட பயம்’. நான்கு பேருக்கும் தமிழ்தான் தாய்மொழி. நாலும் தப்பில்லை.

அப்போதுதான் அவர் தொல்காப்பியத்தை எடுத்தார். நான் இங்கிலீஷ் வகுப்புக்குத்தானே வந்தேன் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே அதில் இருக்கிறதாம். ஒரு உருபு வர வேண்டிய இடத்தில் இன்னொரு உருபு வருவதைப் பற்றிய இயல். அச்சத்தைச் சொல்லும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருளில் குறையில்லை என்று அங்கே ஒரு சூத்திரம். ‘பழியின் அஞ்சும்’, ‘பழியை அஞ்சும்’, இரண்டும் ஒன்றுதான். “நாம இப்ப ரெண்டையும் விட்டுட்டு நாலாம் வேற்றுமைக்கு வந்துட்டோம், பாம்புக்குப் பயம்னு. நம்ம மொழியிலயே உருபு இப்படி இடம் மாறியிருக்கு. இங்கிலீஷ்காரனை மட்டும் ஏன் ஒரே காரணம் கேக்கறீங்க?”

பிறகு கோட்டுக்கு வலது பக்கம் ‘அஃப்ரைட் ஆஃப்’ என்று எழுதினார். ஒரு எஃப் போட்ட ஆஃப்பும் இரண்டு எஃப் போட்ட ஆஃப்பும் ஆதியில் ஒரே சொல், ‘விட்டு விலகி’ என்பதுதான் அதன் பழைய பொருள், பிற்பாடுதான் எழுத்து கூட்டி இரண்டாகப் பிரித்தார்கள் என்றார். நம் ஐந்தாம் வேற்றுமைக்கும் நீங்கல் பொருள் உண்டு, மலையின் வீழ் அருவி என்பது போல. பயந்தவன் விலகத்தானே செய்வான்? இங்கிலீஷின் ஆஃப்பும் தொல்காப்பியத்து ‘இன்’னும் ஒரே பக்கம் ஓடுகின்றன என்று அவர் சொன்னபோது கடிகாரத்தை மறந்துவிட்டேன். இது எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு கொக்கி, அவ்வளவுதான் என்றும் அவரே சொன்னார். எனக்கு அந்தக் கொக்கி போதும். ‘அஃப்ரைட் ஆஃப்’ அதற்குப் பிறகு எந்த வளைவிலும் விழவில்லை.

இரண்டாம் வாரம் ‘மேல்’. தமிழ் எல்லாவற்றையும் ஆள் மேல் ஏற்றி வைக்கும். அவன் மேல் கோபம், அவன் மேல் பொறாமை, அவன் மேல் ஆசை, அவன் மேல் சந்தேகம். அதனால் நாமெல்லாம் ‘ஆங்ரி ஆன் ஹிம்’ என்றுதான் சொல்லி வளர்ந்திருக்கிறோம். நானும் சொல்வேன். எங்கள் ஊரில் பணக்காரப் பள்ளியில் படித்த பிள்ளைகளும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கிலீஷில் ஆள் என்றால் ‘ஆங்ரி வித்’, விஷயம் என்றால் ‘ஆங்ரி அபவுட்’. பொறாமைக்கு ‘ஜெலஸ் ஆஃப்’, சந்தேகத்துக்கு ‘சஸ்பிஷியஸ் ஆஃப்’. ‘ஆன்’ போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு ‘கீன் ஆன்’ ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். மில்லுத் தம்பி அன்று முழுக்க ‘கீன் ஆன் டீ’ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாம் வாரம். ‘எனக்கு முட்டை ஒத்துக்காது.’ இதில் ‘கு’ எங்கே இருக்கிறது? என் மேல் இருக்கிறது. ‘ஐ ஆம் அலர்ஜிக் டு எக்.’ இதில் ‘டு’ எங்கே? முட்டைக்கு முன்னால். உருபு இடம் தாவிவிட்டது. நான் ஒருமுறை சமையலறைப் பலகையில் ‘எக் அலர்ஜிக் டு ரூம் 3’ என்று எழுதிப் போட்டிருந்தேன். ‘3ஆம் ரூமுக்கு முட்டை ஆகாது’ என்று நினைத்து எழுதியது. இங்கிலீஷ்காரன் படித்தால், முட்டைக்கு 3ஆம் ரூம் ஒத்துக்கொள்ளவில்லை என்று புரிந்துகொள்வான். எங்கள் சமையல்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. ‘எக்’, ‘3’ இரண்டை மட்டும் பார்த்து, அந்த அறைப் பையனுக்கு ஆம்லெட் கொடுக்காமல் இருந்தார். இலக்கணம் தெரியாதவர் பிழைத்தார், எழுதியவள் நான்தான் வெட்கப்பட வேண்டியவள்.

மில்லுத் தம்பியின் தொல்லை வேறு. அவன் மகாராஷ்டிரா வியாபாரிகளுக்கு மெயில் எழுதுகிறவன். விரத நாளில் அங்கே ஜவ்வரிசிக் கிச்சடிதான் என்பதால் சேலத்துச் சரக்கு நிறையப் போகும். ‘எங்க சரக்கு உங்க சாம்பிளோட ஒத்துப்போகும்’ என்பதை ‘சிமிலர் வித்’ என்று எழுதிக்கொண்டிருந்தான். ‘ஓடு’ வந்தால் ‘வித்’ என்று கை தானாகப் போகிறது. ‘சிமிலர் டு’ தான் சரி. இதே ஓடுதான் ‘மேரீட் வித்’ என்று நம்மை எழுத வைப்பதும். அதுவும் ‘மேரீட் டு’. ஃபெமிலியர் மட்டும் இரண்டு பக்கமும் போகும். எனக்கு அந்த வேலை பழக்கம் என்றால் ‘ஃபெமிலியர் வித்’, அந்த முகம் எனக்குப் பழக்கப்பட்டது என்றால் ‘ஃபெமிலியர் டு’. இதை அவர் விளக்கும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டிலேயே சொல்லி முடித்தார்.

நடுவில் தேநீர் இடைவேளை பத்து நிமிஷம். கீழே தெருமுனையில் தட்டுவடை செட்டு கிடைக்கும். துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடை கவிழ்த்து, பச்சைச் சட்னி கொஞ்சம் தூக்கலாக. வகுப்புக் கட்டணத்தில் சேராது.

நாலாம் வாரத்தில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை நோட்டில் பெட்டி கட்டி எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் நாம் சொல்லையே மாற்றிவிடுகிற இடத்தில் இங்கிலீஷ் பின்னால் வரும் ஒட்டை மட்டும் மாற்றும். ‘டயர்ட் ஃப்ரம் தி ஜர்னி’ என்றால் பயணத்தால் அசதி. ‘டயர்ட் ஆஃப் தி ஜர்னி’ என்றால் பயணமே சலித்துவிட்டது. நமக்கு அசதி வேறு, சலிப்பு வேறு, குழப்பமே இல்லை. அவர்களுக்கு டயர்ட் ஒன்றுதான், வால்தான் பொருளைச் சொல்கிறது. ‘ஆங்ஷியஸ் அபவுட்’ என்றால் கவலை, ‘ஆங்ஷியஸ் ஃபார்’ என்றால் ஆவல். ‘கன்சர்ன்ட் அபவுட்’ அக்கறை கலந்த கவலை, ‘கன்சர்ன்ட் வித்’ அந்த விஷயம் சம்பந்தப்பட்டது என்று மட்டும்.

‘குட்’டுக்கு நான்கு வால். எங்கள் சமையல்காரரை வைத்தே என்னை எழுதச் சொன்னார். ‘ஹி இஸ் குட் அட் குக்கிங்’, சமையலில் கெட்டிக்காரர். ‘குட் வித் சில்ட்ரன்’, குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர். ‘குட் டு மீ’, எனக்கு உதவியாக நடந்துகொண்டவர். ‘குட் ஃபார்’ என்று வந்தால் உடம்புக்கு நல்லது, மிளகு ரசம் மாதிரி. எங்கள் வீட்டு அறிமுகப் பக்கத்தில் ‘அவர் குக் இஸ் குட் ஃபார் சில்ட்ரன்’ என்று ஒன்றரை வருஷமாக இருந்தது. சமையல்காரரைக் குழந்தைகளுக்குச் சத்துணவாக எழுதி வைத்திருந்தேன். அன்று ராத்திரியே மாற்றினேன். அதே பக்கத்தில் ‘குட் இன் பரோட்டா’வும் இருந்தது. ‘சமையலில்’ என்பதில் உள்ள ‘இல்’ நம்மை ‘இன்’னுக்கு இழுக்கிறது. படிப்பில் ஆர்வத்துக்கு ‘இன்ட்ரஸ்டட் இன்’ சரியாகப் பொருந்துவதால், எல்லா ‘இல்’லும் ‘இன்’ என்று ஏமாந்துவிடுகிறோம்.

ஏற்காட்டுக்காரி என்பதால் ‘நோன்’ என்ற சொல்லை எனக்குத் தனியாக எடுத்துக்கொடுத்தார். ‘நோன் ஃபார் காபி’, காபிக்குப் பேர் போனது. ‘நோன் ஆஸ்’ என்று வந்தால் அந்தப் பேரால் அழைக்கப்படுவது. இதற்கு உதாரணமாக ‘ஏழைகளின் ஊட்டி’ என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. மலைக்கு வந்து பாருங்கள், சனி ஞாயிறு அறை வாடகை எந்த ஏழைக்குக் கட்டுபடியாகும் என்று. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அழித்துவிட்டு, 1820களில் காபிச் செடியை மலைக்குக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னை எழுதினார். ‘நோன் ஃபார் காபி’க்கு அந்த மனிதரே உதாரணம். இதை விருந்தாளிகளுக்கு அப்படியே சொல்கிறேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதைக் காட்டிக்கொண்டே சொன்னால் நன்றாகக் கேட்கிறார்கள்.

வங்கித் தேர்வுக்காரிக்காக சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நடந்தது. ‘அவரை விட மூத்தவர்’ என்ற நினைப்பில் எல்லோரும் ‘சீனியர் தேன்’ போடுவோம். இவை லத்தீனிலிருந்து வந்தவை, ஒப்பீடு உள்ளேயே இருக்கிறது, ‘டு’ போதும். பிழை கண்டுபிடி வினாக்களில் இது அடிக்கடி வருமாம். எனக்கு உபயோகமில்லை, கொட்டாவி விட்டேன்.

அவர் மேஜையில் அட்டை பிய்ந்த பழைய அகராதி ஒன்று இருக்கும். கற்கிறவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. அதைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். அகராதி முதலில் 1942இல் டோக்கியோவில்தான் அச்சானது, 1948இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ‘ஃபுல் ஆஃப்’ என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பான்காரருக்கும் நமக்கும் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த மாதிரி அகராதியில் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டும் போட்டிருக்கும். போனில் பார்ப்பதானாலும் பொருளோடு நிறுத்தாமல் உதாரண வாக்கியம் வரை போகச் சொல்வார். இதற்கு அவருக்கு ஒரு ரூபாய் செலவில்லை, எனக்கு 6,500 ரூபாய்ப் புத்தகத்தை விட இதுதான் உதவியது.

இனி குறைகள். வகுப்பு ஒரு நாளும் 3 மணிக்கு ஆரம்பித்ததில்லை, 3:20 ஆகும். ஆனால் 5 மணிக்கு முடிந்தாக வேண்டும், அவருக்குக் கோயிலுக்குப் போக வேண்டும். பதினைந்து பேருக்கு ஒரு மின்விசிறி. மே மாதம் சேலத்து மாடி அறை எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மலையிலிருந்து இறங்கி வருகிற எனக்கு இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அச்சடித்த குறிப்பு எதுவும் தரமாட்டார். கையெழுத்து வேறு கோழி கிளறினது மாதிரி. பேச்சுப் பயிற்சி கிடையாது. வாய் திறந்து இங்கிலீஷ் பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே வந்தால் ஏமாந்துபோவார்கள். மலர்க் கண்காட்சி சமயத்தில் வீடு நிறைந்துவிட்டதால் இரண்டு ஞாயிறு என்னால் வர முடியவில்லை. அதற்கு ஈடு வகுப்பு கேட்டேன். “அடுத்த பேட்ச்ல வந்து உக்காந்துக்கோங்கம்மா, காசு வேண்டாம்” என்றார். அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. இன்னும் காத்திருக்கிறேன்.

இன்னொன்று. அவர் கொஞ்சம் பழைய ஆள். ‘போர்ட் ஆஃப்’ என்று நர்ஸ் பெண் எழுதியதைப் பெரிய தப்பு என்று அடித்தார். ‘போர்ட் வித்’ அல்லது ‘போர்ட் பை’ மட்டும்தான் என்றார். அவள் விடவில்லை. “இப்ப எல்லாரும் சொல்றாங்க சார், டிக்‌ஷனரிலயே இருக்கு” என்று போனை நீட்டினாள். வகுப்பில் போன் எடுத்ததற்கு முதலில் ஒரு திட்டு விழுந்தது. அடுத்த ஞாயிறு வந்து, தானும் பார்த்ததாகவும், பேச்சில் இப்போது பரவலாக வருகிறது, பரீட்சையில் மட்டும் ‘வித்’ போடு கண்ணு என்றும் சொன்னார். ‘டிஃபரன்ட்’ பற்றி யாரும் கேட்காமலே தானாகச் சேர்த்தார்: ‘ஃப்ரம்’ எங்கும் செல்லும், ‘டு’ இங்கிலாந்துப் பேச்சில் உண்டு, ‘தேன்’ அமெரிக்காவில் உண்டு. ஒரு வாரம் கழித்தாவது திருத்திக்கொண்டாரே. முந்தின மையத்தில் புத்தகத்தில் இருந்த அச்சுப்பிழையைக் காட்டியதற்கே என்னை முறைத்தார்கள்.

போன மாதம் 5ஆம் நம்பர் அறையின் கூரையில் குரங்கு ஓடி ஓடு நகர்ந்து, மழைத்தண்ணீர் கட்டில் மேலேயே சொட்டியது. தங்கியிருந்தவர் புகார் எழுதினார். இந்த முறை ‘வீ ஆர் சாரி அபவுட் தி லீக்’ என்று எழுதி, ‘நீங்கள் எங்கள் மேல் கோபமாக இருப்பது புரிகிறது’ என்பதற்கு ‘ஆங்ரி வித் அஸ்’ போட்டு, இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பினேன். நட்சத்திரம் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. முதலாளியம்மா போன் போடவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது ஈடு வகுப்புக்காக. போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் கைவிசிறியும் எடுத்துப் போங்கள். 3:15க்குப் போனால் போதும். மாடிப்படி செங்குத்து, இடது பக்கக் கைப்பிடி ஆடுகிறது, வலது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.